ஊரைவிட்டுப் போன அணியும் ஒன்பது சுற்றும்

அமெரிக்காவில் கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். எதிரே வருகிறவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அந்த ஆட்டம் புரியவில்லை. ஆனால் ஓர் அணி ஏன் ஒரு ஊரை விட்டுவிட்டு இன்னொரு ஊருக்குப் போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியும். என் மகள் ஒன்பது வயதில் அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்த மூன்று காரணமும் சரி. அவளாகச் சேர்த்துக்கொண்ட நான்காவது காரணம் மட்டும் பொய். அந்தப் பொய்யை அவள் மனதில் போட்டவள் நான்தான்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். சமையல், பூஜை, பிள்ளை என்று வீட்டோடு இருக்கிறவள். இதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று பலமுறை பேனாவை மூடி வைத்தேன். ஆனால் விளக்கேற்றிக் கைகூப்பும்போதெல்லாம் இது வந்து முன்னால் நிற்கிறது.

கல்யாணம் ஆகி முதலில் வந்தது ஜெர்சி சிட்டிக்கு. ஒரே ஒரு படுக்கையறை. அவர் தினமும் ரயில் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு வேலைக்குப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஐசலினில் கறிவேப்பிலையும் பச்சரிசியும் வாங்கிக்கொண்டு வந்தபோது ரோடு முழுக்க ஒரே நெரிசல். நகரவே இல்லை.

"ஏங்க, என்ன கூட்டம்? திருவிழாவா?" என்றேன்.

"ஃபுட்பால் மேட்ச். ரெண்டு டீம் இருக்கு, ரெண்டுக்கும் பேரு நியூயார்க். ஆடுறது மட்டும் நம்ம நியூ ஜெர்சில."

"இங்க ஆடிட்டு எதுக்கு அந்த ஊர் பேரை வச்சுக்கிட்டு இருக்காங்க?"

"இங்க எடம் விசாலமா கெடைச்சது, வந்துட்டாங்க. பேருக்கு மதிப்பு அங்கதான, அதை விடல." சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் மாப்பிள்ளை நியூயார்க்ல இருக்காருன்னு சொல்லிக்கிட்டுத் திரியலையா, அதே மாதிரிதான்."

அணிகளும் எங்களைப் போல இடம் பார்த்து மாறுகிறவைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

மகள் அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதாகும்போது அவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்கிற ஊருக்கு வந்தோம். சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரை. அபார்ட்மென்ட்தான். வாடகையைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். சாமிக்கென்று ஓர் இடம் இல்லை. துணி துவைக்கிற மெஷினும் உலர்த்துகிற மெஷினும் இருக்கிற ஓர் அலமாரி போன்ற சந்தில், மெஷினுக்கு மேலே ஒரு பலகை போட்டு அதில் சாமி படங்களை வைத்தேன். நான் மதுரைப் பக்கம். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் மீனாட்சிதான். அந்த மீனாட்சி படம், ட்ரையர் ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஆடும்.

"இந்தாம்மா, உன் மீனாட்சிக்கு அருள் வந்துருச்சு பாரு" என்று அவர் கேலி பண்ணுவார். எனக்குச் சிரிப்பு வராது. அம்பாளை அழுக்குத்துணிக்கு மேலே உட்கார வைத்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் அறுக்கும். துணி போடும்போது படத்தைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முக்கால் மணி நேரம் நிற்க முடியுமா? கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுவேன். அது ஆடும்.

பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். முனையில் பிள்ளைகளைச் சாலை தாண்டவைக்க ஒருவர் இருந்தார். கையில் சிவப்புப் பலகை, தலையில் கறுப்புத் தொப்பி. அந்தத் தொப்பியில் வளைகுடாவின் எங்கள் கரை அணியின் படம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அணி ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தட்டுத் தட்டித்தான் சாலை தாண்ட விடுவார். தோற்றிருந்தால் பலகையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு துக்க வீட்டில் நிற்கிறவர் போல நிற்பார். என் மகளுக்கு அந்த அணிமேல் பைத்தியம் வந்தது அவரால்தான். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். பிறந்தநாளைக்குப் பட்டுப்பாவாடை வேண்டாம், அந்த அணியின் கறுப்புச் சட்டை வேண்டும் என்று அழுது வாங்கினாள்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது, அந்த அணி ஊரைவிட்டுப் போகப்போகிறது என்ற பேச்சு பலமாக வந்தது. ஒரு நாள் தோசைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஒய் ஆர் தே லீவிங்?"

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "டீமுக்கு ஒரு மொதலாளி இருக்காரு. அவருக்குப் புது ஸ்டேடியம் வேணும். இருக்கிறது பழசு. நீங்களும் பணம் போட்டுக் கட்டிக் குடுங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட கேக்குறாரு. ஊரு, எங்களுக்கு ஸ்கூலுக்கும் ரோட்டுக்குமே பத்தலைங்குது. இன்னொரு ஊரு, எங்ககிட்ட வாங்க, நாங்க பணம் தர்றோம்ங்குது. நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"ஸ்டே பண்ணுவேன். ஃபேன்ஸ் இங்கதான இருக்காங்க."

"ஃபேன்ஸ் டிவியில பாத்துக்குவாங்கம்மா. டிவி பணம் எல்லா டீமும் பங்கு போட்டுக்கிறது. ஆனா பணக்காரங்க கண்ணாடி ரூம்ல உக்காந்து பாப்பாங்கள்ல, அந்த வருமானத்துல பெரும்பங்கு அந்தந்த டீமுக்கே. பழைய கிரவுண்டுல அந்த மாதிரி ரூம் கம்மி. அதான் புதுசு கேக்குறாரு."

"யாரு டிசைட் பண்றது?"

"மத்த டீமோட மொதலாளிங்க எல்லாம் சேந்து வோட்டுப் போடுவாங்க. ஸ்ப்ரிங்ல."

"ஃபேன்ஸுக்கு வோட்டு இல்லையா?"

"இல்ல."

அவள் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, சாமிகிட்ட கேக்கலாமா?"

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. இந்த ஊரில் பிறந்த பிள்ளை தானாக வாய் திறந்து சாமியிடம் கேட்கலாமா என்கிறதே! "தாராளமா கேக்கலாம். ஒன்பது சனிக்கிழமை நவக்கிரகத்தை ஒன்பது ஒன்பது சுத்துச் சுத்து. நடுவுல பேசக்கூடாது. எண்ணிக்கை தப்பக்கூடாது. நம்பிக்கையோட சுத்துனா கண்டிப்பா நடக்கும்" என்றேன். கண்டிப்பாக என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏம்மா, சனி பகவானுக்கு டச்டவுன்னா என்னன்னு தெரியுமா?" என்றார் அவர். அவரை முறைத்தேன்.

முதல் சனிக்கிழமை கிளம்பும்போது அவள் அந்தக் கறுப்புச் சட்டையில் வந்து நின்றாள்.

"கோயிலுக்குக் கறுப்பா? போய் மாத்திட்டு வா."

"சனி பகவானுக்கு பிளாக்தான் பிடிக்கும்னு நீதான சொன்ன?"

எள் விளக்குப் போடுகிற சாமிக்குக் கறுப்புத்தானே உகந்தது. அப்படியே கூட்டிக்கொண்டு போனேன்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதே மாதம் அவருடைய கம்பெனியில், டெக்சாஸில் ஹூஸ்டன் கிளைக்குப் போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஹூஸ்டன் பக்கத்தில் பேர்லேண்ட் என்ற ஊர். அங்கே மீனாட்சி கோயில் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். கோபுரத்தைப் பார்த்ததும் அப்படியே கால் நின்றுவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்களின் வீட்டில் பூஜைக்கென்றே ஓர் அறை. அதற்குக் கதவும் மணியும். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். இவருக்கோ அரை மனது. "புள்ள இங்க பழகிட்டா, அவளைப் பிடுங்கி அங்க நடணுமா?" என்று இழுத்துக்கொண்டிருந்தார். மகளிடம் நாங்கள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவள் முன்னால் சுற்ற, நான் பின்னால் சுற்றினேன். அவள் உதடு அசையும். அணி போகக்கூடாது, அணி போகக்கூடாது என்று கேட்கிறாள் என்று தெரியும். நான் அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே, டெக்சாஸ் அமையவேண்டும், எப்படியாவது இங்கிருந்து கிளப்பிவிடுங்கள் என்று கேட்டேன். ஒன்பது வாரமும் அப்படித்தான். ஒரே தெய்வங்களை, ஒரே நேரத்தில், ஒரே சுற்றில், பிள்ளை இருப்பதற்காகவும் தாய் போவதற்காகவும் சுற்றினோம். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. சாமிக்கு ஓர் அறை வேண்டும் என்றுதானே கேட்கிறேன், எனக்கா கேட்கிறேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பந்தாட்டத்தைக் கிரகங்கள் எங்கே கவனிக்கப்போகின்றன என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு இருந்தவள், பிள்ளையிடம் கண்டிப்பாக நடக்கும் என்று ஏன் சொன்னேன்?

வோட்டு ஒரு திங்கட்கிழமை நடந்தது. மதியம் அவளைக் கூப்பிடப் போனபோது முனையில் அந்த மனிதர் நின்றார். தலையில் தொப்பி இல்லை. அவருக்கு வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே மகளுக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து அவள் தோளைத் தட்டினார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தூரத்தில் கேட்டுப் புரியாது. ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் மீனாட்சி படத்துக்கு எதிரே நின்றாள். கீழே துணி உலர்ந்துகொண்டிருந்தது. படம் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, சாமி ஏன் கேக்கல?"

நான் பதறிவிட்டேன். முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. இனிமேல் கோயிலுக்கு வருவாளா? சாமியே இல்லை என்று சொல்லிவிட்டால்? ஸ்கூலில் என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிறார்களே. சாமி கேட்டார், ஆனால் தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது பாப்பா என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். வாயில் வந்தது வேறு.

"அஞ்சாவது வாரம் நீ எட்டு சுத்துதான் சுத்துன மாதிரி இருந்துச்சு. அதனாலயோ என்னமோ."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்தாவது வாரமும் அவள் ஒன்பது சுற்றுத்தான் சுற்றினாள். நான் அவள் பின்னாலேயே சுற்றினேன்; என் ஒன்பதும் அவள் ஒன்பதும் ஒன்றாகத்தான் முடிந்தன. சாமி மேல் பழி வரக்கூடாது என்று பிள்ளை மேல் போட்டேன். அன்றைக்கு எனக்கு வருத்தம்கூட இல்லை, ஒரு நிம்மதிதான். மறு சனிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் வந்தாளே!

இரண்டு வாரத்தில் அவருக்கு ஹூஸ்டன் உறுதியாகிவிட்டது. என் சுற்று பலித்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "வி ஆர் லைக் தெம்" என்றாள். நாமும் அவர்களைப் போலத்தான் என்றாள். அவர் சங்கடப்பட்டு, அங்கே வீடு பெரியது, மாநில வருமான வரி கிடையாது, உனக்குத் தனி ரூம், தோட்டம் என்று அடுக்கினார். பாதியிலேயே அவருக்கே புரிந்து நிறுத்திவிட்டார். தோசைத் தட்டு முன்னால் அந்த மொதலாளிக்காகச் சொன்ன காரணங்கள்தான் எல்லாம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். போகிறோம் என்று சொல்லிவிட்ட அந்த அணி உடனே போகவில்லை. புது மைதானம் கட்டி முடிகிறவரை அதே பழைய மைதானத்தில், அதே ஜனங்களின் முன்னால் மூன்று பருவம் ஆடியது. அதற்கு முன்னால் நாங்கள் போய்விட்டோம். கடைசி நாள் அந்த மனிதரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். தொப்பி திரும்பத் தலையில் ஏறியிருந்தது. போகிற அணிக்காக எதற்கு இன்னும் தொப்பி என்று மகள் கேட்டாளாம். இன்னும் இங்கேதானே ஆடுகிறார்கள் என்றாராம். நாங்கள் டெக்சாஸ் போகிறோம் என்றதும் கையிலிருந்த பலகையை இறக்கிவிட்டு, "யூ டூ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கும் புரிந்தது.

பேர்லேண்டில் எல்லாம் நான் கேட்டபடியே கிடைத்தது. பூஜைக்கு அறை, கதவு, கதவில் சின்னச் சின்ன மணிகள். மீனாட்சி படம் ஆடுவதில்லை. கோயில் கார் ஏறினால் பத்து நிமிஷம். அவர் மகளைத் தேற்ற, "இந்த ஊர்லயும் ஒரு டீம் இருந்துச்சாம். இதே மாதிரி ஸ்டேடியம் சண்டையில கிளம்பிப் போயிருச்சாம். அப்புறம் புதுசா ஒரு டீம் வந்துச்சு பாரு. இனிமே அதை சப்போர்ட் பண்ணு" என்றார்.

"அது வேற டீம்ப்பா" என்றாள். அதோடு வீட்டில் ஃபுட்பால் பேச்சு நின்றுவிட்டது.

அவள் வளர்ந்தாள். நல்ல பிள்ளை. நன்றாகப் படிக்கிறாள். ஆனால் எதையும் ஒரு தடவையோடு விட மாட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பள்ளிப் பையை மூடித் திறந்து மூடுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு, பூட்டிவிட்டு வாசல்வரை வந்து, "அம்மா, லாக் பண்ணேனா?" என்பாள். "போய்ப் பாத்துட்டு வா" என்பேன். போவாள். பரீட்சையில் எல்லாம் தெரிந்திருந்தும் முதல் கேள்விக்குத் திரும்பத் திரும்பப் போய், கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் வந்து நிற்பாள். ஊருக்குப் போன் பேசும்போது, "எங்க பாப்பாவுக்கு ரொம்பப் பொறுப்பு, எதையும் ரெண்டு தரம் பாத்துத்தான் செய்வா" என்று பெருமை அடித்துக்கொள்வேன்.

இந்த வருஷம் அவள் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறாள். பழைய புத்தகங்களை ஒதுக்கலாம் என்று அவள் அறையின் அலமாரியில் ஒரு பெட்டியைத் திறந்தேன். அதில் மூன்றாம் வகுப்புக் கட்டுரை. மேலே ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். அன்றைக்கு அந்த நட்சத்திரத்தைப் பார்த்து மெச்சினேனே தவிர, உள்ளே படிக்கவில்லை. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வந்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். அணிகள் ஏன் ஊரைவிட்டுப் போகின்றன. ஒன்று, புது மைதானம் வேண்டும். இரண்டு, இன்னோர் ஊர் பணம் தருகிறது. மூன்று, வோட்டு முதலாளிகளுக்குத்தான், ரசிகர்களுக்கு இல்லை. நான்காவதாக எழுதியிருந்ததன் அர்த்தம் இது: சில நேரம், ஒருத்தர் தான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யாததாலும் அணி போய்விடும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

எட்டு வருஷம்! பொறுப்பு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. எல்லாமே அந்தச் சுற்றினால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் தாய்க்குத் தெரியும். அன்று சாயங்காலம் பூஜை அறைக் கதவைத் திறந்தேன். மணி அடித்தது. உள்ளே போக முடியவில்லை. கதவை மூடிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவள்தான் காரை ஓட்டிக் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நிறுத்தியதும் இறங்கப் போனவளின் கையைப் பிடித்தேன்.

"பாப்பா, ஒன்னு சொல்லணும்."

"வாட்? பூ மறந்துட்டியா?"

"அன்னிக்கு நீ ஒன்பதுதான் சுத்துன. எட்டு இல்ல."

"எப்ப?"

"ஃப்ரீமாண்ட்ல. அந்த டீமுக்காக. அஞ்சாவது வாரம்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு குடும்பம் தேங்காய்த் தட்டோடு எங்கள் காரைத் தாண்டிப் போனது.

"ஐ நோ" என்றாள்.

"தெரியுமா?"

"ஒரு சுத்துக்கு ஒரு விரல் மடக்கினேன்." இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். ஒரு சுண்டுவிரல் மட்டும் நின்றது. "எவ்ரி வீக் இந்த ஒன்னுதான் மிச்சம் இருக்கும். எனக்குத் தெரியும். பட் நீ எட்டுன்னு சொன்ன. நீ பொய் சொல்ல மாட்டேல்ல? சோ நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன்."

மடக்கிய விரல்களை விரித்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"ஏம்மா சொன்ன?"

"உனக்குச் சாமி மேல கோவம் வந்துருமோன்னு பயந்துட்டேன்."

"சோ என் மேல வந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள்.

பாதி சொல்லிப் பாதி மறைக்கக் கூடாது என்று மிச்சத்தையும் சொன்னேன். அதே சுற்றில் நான் டெக்சாஸ் கேட்டேன் என்றேன். அவள் சட்டென்று திரும்பினாள்.

"நீ என் பின்னாடியே வந்துக்கிட்டு, போணும்னா ப்ரே பண்ண?"

"ஆமாம்."

"அம்மா! பாவம்மா சாமி!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அந்த அங்கிள்கிட்ட அன்னிக்கே சாரி சொன்னேன், தெரியுமா? ஏதோ நான்தான் சரியா பண்ணியிருக்க மாட்டேன்னு. நீ எட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடியே. அவருக்குப் புரியல. இட்ஸ் ஓகே ஸ்வீட்ஹார்ட்னாரு. அப்புறம் வீட்டுக்கு வந்தா நீயும் அதையே சொன்ன."

ரோட்டு முனையில் அவள் சொன்னது என்னவென்று எட்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்தேனே! ஒன்பது வயதுப் பிள்ளை ஓர் ஊருக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறது. எண்ணிக்கை தப்பக்கூடாது என்று நான் போட்ட சட்டம், பழியை அவள் மேல் போடுகிற வேலையை முன்பே செய்திருக்கிறது. என் பொய் அதற்கு முத்திரை வைத்திருக்கிறது.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. மன்னிச்சுரு" என்றேன். இதற்குமுன் நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பெற்றவர்கள் பிள்ளையிடம் அப்படிச் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

"நீ போய்ட்டு வா. நான் கார்லயே இருக்கேன்" என்றாள்.

தனியாகப் போனேன். நவக்கிரகத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். எதையும் கேட்கவில்லை. முன்னால் பின்னல் இல்லாமல் சுற்றுவது என்னவோபோல் இருந்தது. கண்ணீர் மறைத்ததில் ஆறா ஏழா என்று தெரியாமல் போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கால் எடுத்தேன். பிறகு அப்படியே நின்று, எத்தனையோ அத்தனை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். என் வாழ்நாளில் எண்ணிக்கை முடியாமல் வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். வீட்டு முன்னால் நிறுத்திப் பூட்டினாள். வாசல்வரை வந்தவள் வழக்கம்போலத் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

"அம்மா, லாக் பண்ணேனா?"

போய்ப் பார்த்துவிட்டு வா என்று நாக்கு நுனிவரை வந்தது. "நீதான பூட்டுன. நீயே சொல்லு" என்றேன்.

யோசித்தாள். கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "பண்ணேன்" என்றாள். உள்ளே வந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசல் கதவு மெதுவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. கார்க் கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற சத்தமும் கேட்டது. அவள் உள்ளே வரும்போது நான் திரும்பவில்லை, கேட்காதவள் போல அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். பூஜை அறைக் கதவு சாத்தியபடி இருந்தது. விளக்கேற்ற இன்னும் நேரம் இருந்தது.